வார்டு வாசலில் மோப்பம் பிடித்த எங்கள் தலைமைச் செவிலியருக்கு

அன்பின் இருப்பிடமே! அதட்டலின் பிறப்பிடமே! வெள்ளுடையில் வந்த விடியலே! மகப்பேறு வார்டின் மாண்புமிகு மூக்கே! எங்கள் தலைமைச் செவிலியரே, அருமை அக்கா!

பணிநிறைவு பெறும் உங்களைப் பாராட்ட வந்த நாங்கள், பழக்கதோஷத்தால் எங்கள் கைகளை ஒருமுறை முகர்ந்துபார்த்துவிட்டுத்தான் மேடையேறினோம். வாசனைச் சோப்போ பவுடரோ வெங்காயம் வதக்கிய சேலையோ உங்களைத் தாண்டி உள்ளே போனதுண்டா? பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி, "சார், இன்னிக்கு சென்ட் கொஞ்சம் தூக்கலா இருக்கு, கழுவிட்டு வந்துடுங்க" என்ற வீராங்கனையே! அவரும் நல்ல பிள்ளையாகக் கழுவிக்கொண்டு வந்தார்.

கருவுற்றவள் வாந்தியெடுத்தால் "மசக்கைதானே" என்று ஊரே தட்டிக்கழிக்கும். நீங்களோ அருகில் அமர்ந்து, "குடிச்ச தண்ணியாவது நிக்குதாம்மா? யூரின் கறுத்துப் போகுதா? எழுந்தா தலை சுத்துதா?" என்று கனிவாய்க் கேட்டு, எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, மசக்கை எது, உடனே சேர்க்க வேண்டிய நோய் எது என்று பிரித்தறிந்தீர்கள்.

அந்த பேக்கரிக்காரரின் மனைவியை மறப்போமா! நீங்கள் விடுப்பிலிருந்தபோது கன்னம் ஒட்டி, கண் குழிந்து வந்து சேர்ந்தார். நரம்பில் உப்புநீரும் சத்து ஊசியும் வாந்தி மருந்தும் ஏற, காலையில் தேறுவார்; மாலையில் மறுபடி துவண்டுபோவார். நீங்கள் திரும்பி வந்த அன்று, "என்னால முடியல சிஸ்டர், இந்தக் குழந்தை வேண்டாம்" என்று, ஆசை ஆசையாய்ச் சுமந்த கருவையே கலைக்கச் சொல்லி அழுதார்.

அன்று மாலை, கணவர் வழக்கம்போல் அடுப்படியிலிருந்து நேரே மனைவியின் கையைப் பிடிக்க ஓடிவந்தார். வாசலில் முகர்ந்தீர்கள். வெண்ணெய், ஈஸ்ட், வெனிலா! "தம்பி, உங்க மேல தப்பில்ல, உங்க சட்டை மேலதான் தப்பு. போய்க் குளிங்க!" என்று குளியலறைக்குத் துரத்தி, வார்டு உதவியாளரின் உடையை மாட்டிவிட்டீர்கள். முழங்காலோடு நின்றுபோன கால்சட்டையில் அவரைக் கண்டதும் அந்தப் பெண் சிரித்தார். பிறகு கரண்டி கரண்டியாய்க் கணவர் ஊட்டிய குளிர்ந்த நீர் வயிற்றில் தங்கியது. மருந்தும் தொடர்ந்தது, மாலைக் குளியலும் தொடர்ந்தது. கலைக்கும் பேச்சை அந்தப் பெண் மறுபடி எடுக்கவே இல்லை.

அக்கா! வாசனை பட்டாலே குமட்டும் பெண்களுக்காகச் சென்டே பூசாத நீங்கள், இனி மணக்க மணக்க, உடல்நலத்தோடும் உரத்த குரலோடும் பல்லாண்டு வாழுங்கள்!

விழா மேசையில் கேக்கைக் காணோமே என்று தேட வேண்டாம். பேக்கரிக்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டார். சுவருக்கு அப்பால் வார்டில், தண்ணீர்கூடத் தங்காத ஒரு பெண் காலையில்தான் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பார்த்து நிற்கிறார்கள். கேக் பெட்டியைப் பிடித்திருப்பது அவர்கள் மகள். நீங்கள்தான் வெளியே வர வேண்டும், அக்கா!

கைகழுவி வணங்கும்,
மகப்பேறு வார்டுப் பணியாளர்கள்