காத்திருப்பவை

“இதுல நான் பேசினா ஜுஹைனாவுக்கு மட்டுந்தான கேக்கும், மாப்ள?”

“அக்காவுக்கு மட்டுந்தான் மச்சான். நடுவுல கம்பெனிக்காரன் கிடையாது. நீங்க பேசுதது நம்ம வீட்டு அலமாரிக்கு மேல வரும். அங்கன இருந்து அக்கா போனுக்குப் போயிரும்.”

“அலமாரிக்கு மேலயா? ஒங்க உம்மா முறுக்கு டின்னு வைக்குத எடம்லா அது.”

“டின்ன கீழ எறக்கியாச்சி.”

“அப்போ பெரிய கம்பெனிதாம்லே” என்று மச்சான் சிரித்தார்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஈரக்கையோடு செல்பேசியைத் தொட்டால் அது சொன்னபடி கேட்காது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, மச்சானின் துண்டில் விரலைத் துடைத்துத் துடைத்துத்தான் அந்தச் செயலியை நிறுவினேன். முடிந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவகிட்ட ஒரு காரியம் கேக்கணும். நேர்ல வாய் வர மாட்டேங்கு. அங்க போயி இதுல கேட்டுக்கிடுதேன்.”

நான் தலையாட்டினேன். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

நம் கட்டற்ற மென்பொருள் குழுவின் சர்வரை இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன் என்று உங்களுக்கு எழுதியதும் மணிகண்டபிரபு முதல் ஆளாகக் கேட்டான்: “ஏலே இத்ரீஸ், ஒங்க உம்மா முறுக்கு டின்ன திருப்பி வச்சிட்டாவளா?” அப்படியில்லை. நீங்கள் நாற்பத்திரண்டு பேர் உங்கள் வீட்டுப் பேச்சை அந்தப் பழைய மடிக்கணினியிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். ஏன் நிறுத்துகிறேன் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கட்டற்ற மென்பொருளைப் பற்றி நான் எப்போதும் சொல்வது இதுதானே, உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்க்க முடியவேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு அச்சன்புதூரில் பஸ் ஏறி, தென்காசியில் இறங்கி, கல்லூரிக்குப் போகிறவன். பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் மூன்று இருக்கும். கேன்டீனில் எவனாவது மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் டீயை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சுவரொட்டி வரைந்துகொடுத்தது யார் என்று கேட்பீர்கள். அது என் அக்கா ஜுஹைனா.

அக்கா தமிழ் பி.ஏ. படித்தவள். வாப்பா மவுத்தான பிறகு, கல்யாணமாகியும் உம்மாவோடும் என்னோடும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மச்சான் முகம்மது யூசுப் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மகள் மாஜிதாவுக்கு அப்போது நான்கு வயது. மாஜிதா உறங்கும் மத்தியான வேளையில் அக்காவும் நானும் மென்பொருள்களின் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவோம். நான் அகராதியைப் புரட்டுவேன். அவள் புரட்டமாட்டாள். ‘பென்டிங்’ என்ற சொல் வந்தபோது சொன்னாள்:

“நிலுவையிலுள்ளவைன்னா போடுத? பாங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கு. காத்திருப்பவைன்னு போடு.”

போட்டேன். இன்றும் அந்த மென்பொருளைத் தமிழில் திறக்கிறவர்கள் அக்காவின் சொல்லைத்தான் படிக்கிறார்கள். நான் பேசுவதை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

மச்சான் இருந்த ஊரில் நாம் வழக்கமாகப் பேசும் செயலிகளில் கூப்பிட முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை சாதாரண அழைப்பு வரும். ஸ்பீக்கரில் போட்டு உம்மா பேசுவாள், நான் பேசுவேன், மாஜிதா பாட்டுப் பாடுவாள். அக்காவின் முறை வரும்போது “சாப்ட்டியளா” என்பதற்குமேல் ஒன்றும் மிச்சமிருக்காது. அதற்காகத்தான் அவர்கள் இருவருக்கும் அந்த வழியை அமைத்துக்கொடுத்தேன். மச்சான் எனக்குப் பரிசாகக் கொண்டுவந்த மடிக்கணினிதான் சர்வர் ஆனது. நீங்களெல்லாம் பிறகு சேர்ந்தவர்கள்.

இருமுனைப் பூட்டு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாராலும், சர்வர் வைத்திருப்பவனாலும்கூட, எதையும் திறக்க முடியாது. அதைப் போட எனக்குத் தெரியும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

குரல் செய்திகள் பெரியவை, மடிக்கணினியோ மெதுவானது. அதனால் அவை நேராகப் போகாமல் முதலில் ஒரு கோப்புறையில் தங்கி, நான் விட்ட பிறகு போகும்படி வைத்தேன். அந்தக் கோப்புறைக்கு ‘காத்திருப்பவை’ என்று பெயரிட்டேன். முதல் வாரம் கேட்காமலேதான் விட்டேன். இரண்டாம் வாரம் ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க ஒன்றைக் கேட்டேன். சரியாக வந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கேட்டேன். மச்சான் அக்காவிடம் மிகவும் பிரியமாகப் பேசுவார். இப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்தாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கல்யாணமான புதிதில், தன்னோடு வரச்சொல்லி அவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். வாப்பா போன துக்கத்தில் அக்கா சபையில் எல்லோர் முன்னாலும் “நான் எங்கயும் வரமாட்டேன்” என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “நான் அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கக்கூடாது தம்பி. இப்ப நானா வாரேன்னு எந்த மொகத்த வச்சிக்கிட்டு சொல்லுததுக்கு? அவுக ஒரு தடவ கூப்ட்டா போதும்.” அதே வாரம் அவளுக்கும் மாஜிதாவுக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை என்னை நிரப்பச் சொன்னாள். “சும்மா இருக்கட்டும்” என்றாள். நிரப்பினேன். ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பினேன்.

மச்சான் குற்றாலத்தில் சொல்லிப்போன காரியம் அந்த வருஷ மார்கழியில் செய்தியாக வந்தது. ஓர் அறை பார்த்துவிட்டதாகவும், குடும்ப விசாவுக்கு முதலாளி சம்மதித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கேட்டு முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தேன். அக்கா மாஜிதாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். உம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உம்மாவையும் என்னையும் மட்டும் வைத்துப் பார்த்தேன். உம்மாவுக்கு முட்டுவலி. மாஜிதாவை அந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். எல்லாவற்றையும் யோசித்து, அந்தச் செய்தியைக் கொஞ்சநாள் வைத்திருப்பது நல்லது என்று முடிவுசெய்தேன்.

மச்சானின் பக்கத்தில், செய்தி சேர்ந்துவிட்டது என்று காட்டும் இரண்டு டிக் விழும்படி செய்தேன். அது சிரமமில்லை.

நான் அதை அழிக்கவில்லை. அடுத்தவர் தரவை அவர் சம்மதமில்லாமல் அழிக்கக்கூடாது என்பது நம் குழுவின் முதல் விதி. அதை எழுதியவனே நான்.

பங்குனியில் இன்னொரு செய்தி வந்தது. அறைக்காரர் அவசரப்படுத்துகிறார், இந்த வாரம் ஒரு சொல் சொன்னால் போதும் என்றார். அதையும் வைத்தேன். அடுத்த அழைப்பில் அவர் பழையபடி ஏழு பேரோடு தொழிலாளர் கேம்பிலேயே இருக்கப்போவதாக உம்மாவிடம் சொன்னார். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டதாகவும் சொன்னார். ஸ்பீக்கரில்தான் சொன்னார். அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய குரல்கள் சிறியவை. மாஜிதாவின் செருப்பு அளவு, பெருநாள் வாழ்த்து. எல்லாவற்றையும் உடனுக்குடன் விட்டேன்.

இந்த வருஷம் மாசியில், விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப்போனவர்கள் மச்சான் எழும்பவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். முதல்நாள் நெஞ்சு கரிக்கிறது என்று படுத்திருக்கிறார். கூட இருந்தவர்கள் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அக்கா கூட இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள் என்று உம்மா அழுதாள். அதை யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை அக்காவின் இத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய நான்கு மாதம் பத்து நாள், முடிந்தது. நேற்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் என் பென் டிரைவ் ஒன்று.

“தம்பி, அவுக பேசுனது எல்லாத்தையும் இதுல போட்டுத் தாயேன். மாஜிதா பெரியவளானா கேக்கட்டும்.”

“போட்டுத் தாரேன்க்கா.”

அவள் போகவில்லை.

“என் போனுல இருக்கத முழுசும் கேட்டுட்டேன். நாலு தடவ கேட்டேன்.” சிரிக்கப்பார்த்தாள். “செருப்பு அளவு கேட்டுருக்காக. ஒனக்குப் பரிச்சை எப்பன்னு கேட்டுருக்காக. ஒரு தடவயாச்சும் என்னய வான்னு கேட்டுருக்காகளான்னு பாத்தேன். இல்ல. நான் துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்டே.”

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். அவள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. மாஜிதாவின் சட்டைகள் இப்போது அவளுக்குச் சேராது.

பென் டிரைவில் மற்றவற்றை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மச்சான் ஒரு பொருளை அக்காவுக்கென்று என்னிடம் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் அதைப் பத்திரமாக வைத்திருந்தது, உரிய நேரத்தில் அவளிடம் சேர்ப்பதற்குத்தானே. நாற்காலியைப் போட்டு ஏறி மடிக்கணினியை இறக்கினேன். துடைத்தேன். ‘காத்திருப்பவை’யைத் திறந்தேன். அக்கா திரையில் தன் சொல்லைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த இரண்டு கோப்புகளையும், அவற்றின் தேதிகளையும் பார்த்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் முதல் கோப்பை அழுத்தினேன்.

முதலில் காற்றின் சத்தம். அவர் மொட்டைமாடிக்கு வந்து பேசியிருக்கிறார். பிறகு ஓர் இருமல். முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த மாஜிதா ஓடிவந்து வாசலில் நின்றாள்.

“ஜுஹைனா, நான்தான் பேசுதேன். ரூம்பு ஒன்னு பாத்துருக்கேன். சின்னதுதான், ஆனா சன்னல் இருக்கு. ஒனக்கு இஷ்டமில்லன்னா பதில் ஒன்னும் சொல்லாண்டாம், நான் வெளங்கிக்கிடுதேன், மனசுல ஒன்னும் வச்சிக்கிட மாட்டேன். கூட்டத்துல வச்சி ஒன்ன கேட்டது என் தப்புதான். இப்ப யாருமில்ல. நீயும் நானுந்தான். அதான் கேக்குதேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கிட்ட வந்துருதியா?”