ஆத்தைத் தாண்டும் வண்டி

துர்துபெக்: ...உக்காரு புள்ள. நீ நடக்குற நடையில கஸ்டம்ஸ்காரன் கேட்டைத் திறந்துடுவானா?

பெர்மெத்: உக்காந்தா மட்டும் திறப்பானா மாமா? தோ, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது பாருங்க. பச்சைக் கலர். கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரல.

துர்துபெக்: அதுவா? நான் ஏதோ தகரப் பெட்டிக்கு ஆறு சக்கரம் மாட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.

பெர்மெத்: சிரிங்க. சுவிஸ் பட்டாளம் பனிமலையில ஓட்டின வண்டி. கிர்கிஸ்தான் பூரா சல்லடை போட்டாலும் இன்னொண்ணு கிடைக்காது.

துர்துபெக்: வினையே அதான். லாரியா, காரா, பீரங்கியான்னு அவன் முழிக்கிறான்.

பெர்மெத்: ஷாயிர் உள்ள பேசிட்டிருக்கார். ஜெர்மனியில இருந்து ஓட்டியாந்து, ரெண்டு கடல்ல கப்பலேத்தி இறக்கி, கசாக் பொட்டல் முழுக்கத் தனியா வந்தவரு. இந்தக் கேட்டுல வந்து மாட்டிக்கணுமா!

துர்துபெக்: ஷாயிர், ஷாயிர்... அவன் மெக்கானிக்கா, மந்திரவாதியா?

பெர்மெத்: ஜெர்மனியில இருந்துக்கிட்டு வண்டி தேடிக் குடுத்தவர். வேற என்ன?

துர்துபெக்: வேற என்னன்னு நான் கேக்கலியே.

பெர்மெத்: ...போர்சோக் தரட்டுமா? காலையில பொரிச்ச ரொட்டி, பையில இருக்கு.

துர்துபெக்: இன்னுமா? வந்ததுல இருந்து ஊட்டிக்கிட்டே இருக்க. ஆட்டுக்கிடா மாதிரி கொழுக்க வைக்கிறியா?

பெர்மெத்: ஐயோ, கஸ்டம்ஸ்காரன் தொப்பிய எடுக்குறான் மாமா! சாப்பிடப் போயிட்டா இன்னிக்கு அவ்வளவுதான்.

துர்துபெக்: இங்கதான் வர்றான். நீ வாயத் திறக்காத, நான் பேசுறேன்.

பெர்மெத்: நீங்க பேசினா வண்டியத் திருப்பி அனுப்பிடுவாங்க.

அதிகாரி: இந்த ராணுவ வண்டி உங்களோடதா? எதுக்கு இது?

துர்துபெக்: சண்டை போடத்தான் தம்பி. ஆத்தோட.

பெர்மெத்: மாமா, சும்மா இருங்க! அண்ணே, மலையேற வர்றவங்களையும், கோடையில மேய்ச்சலுக்குப் போற குடும்பங்களையும் மேல கொண்டுபோய் விடுறதுதான் எங்க பிழைப்பு. வழியில ஒரு ஆறு... பாலம் கிடையாது.

துர்துபெக்: என் மகன் பழைய லாரியோட அதுல இறங்கினான். லாரி மட்டும்தான் கரைக்கு வந்துச்சு. எமில்னு பேரு. இவ புருஷன்.

அதிகாரி: ...இந்த வண்டி தாங்குமா?

பெர்மெத்: உயரம் அதிகம்ணே. ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு சக்கரம் பாறையில வழுக்கினா மத்தது பிடிச்சுக்கும்.

அதிகாரி: சரி... லாரின்னே எழுதிக்கிறேன். இதுல துர்துபெக் யாரு?

துர்துபெக்: நான்தான். ஏன்?

அதிகாரி: உங்க பேர்லதான வண்டி? உள்ள வந்து கையெழுத்து போடுங்க. ஓட்டிட்டுப் போலாம்.

பெர்மெத்: வந்துட்டோம்ணே, வந்துட்டோம்! எந்திரிங்க மாமா.

துர்துபெக்: இரு. என் பேர்லயா?

பெர்மெத்: பெரியவங்க பேர்ல இருக்கட்டுமேன்னுதான்... வாங்க, அவன் போயிடுவான்.

துர்துபெக்: ஓட்டப் போறது நீன்னுல்ல சொன்ன?

பெர்மெத்: நீங்க ஓட்டக்கூடாதா? உங்களுக்குத் தெரியாத மலையா?

துர்துபெக்: என் முகத்தப் பாத்துச் சொல்லு புள்ள.

பெர்மெத்: ...நீங்க அந்த ஓட்டை லாரியோட ஆத்துல இறங்குறத நெனச்சா, எனக்கு எங்கயும் கால் நகரல மாமா.

துர்துபெக்: எங்கயும்னா?

பெர்மெத்: கையெழுத்து போட்டுட்டு வாங்க. அப்புறம்...

துர்துபெக்: ஜெர்மனிக்கா?

பெர்மெத்: ...சொல்லிடணும்னுதான் நெனச்சேன். பஸ்ஸுல வர்றப்போகூட வாய் வரைக்கும் வந்துச்சு. மாமனாரத் தனியா விட்டுட்டுப் போயிட்டாள்னு ஊர் பேசும். பேசட்டும். ஆனா நீங்க... உங்களுக்குக் கோபமா மாமா?

துர்துபெக்: இல்லாம? ஒரு வருஷமா ஆக்ஸில், கியர்னு என் காதத் தின்னியே. அந்த ஒரு வார்த்தைய மட்டும் முழுங்கிட்ட.

பெர்மெத்: அப்போ... முன்னாடியே தெரியுமா? யார் சொன்னா?

துர்துபெக்: உங்கிட்ட வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அந்த ஷாயிர் பய எனக்குப் போன் போட்டுட்டான். 'உங்க மருமகளக் கட்டிக்கிறேன்னு கேக்கலாமா'ன்னான். கேளுடான்னு சொன்னதே நான்தான்... அழாத, அங்கிருந்து பாக்குறான். நான் போய்க் கையெழுத்து போட்டுட்டு பின்னால ஏறிக்கிறேன். நீ முன்னால போய் அவன் பக்கத்துல உக்காரு.