சத்தம் போடாத கணினி

முதலில் அந்த மேசை விசிறியை நிறுத்திவிடுங்கள் சார். எனக்குப் புழுக்கம் பழக்கம்தான். விசிறி ஓடுகிற அறையில் மனிதன் உருப்படியாக ஒரு விஷயம் பேச முடியாது. நன்றி. இந்தப் பெண் தட்டச்சு செய்கிற ஓசை பரவாயில்லை, அது வேலை நடக்கிற ஓசை.

மேசைமேல் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். என் மாப்பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். அவன் செத்தது விபத்து என்று முடித்துவைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. ஆற அமரச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரமாகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் திருடர்களைத் தெரியும், எனக்கு மின்சாரத்தைத் தெரியும்.

இதன் பெயர் ‘அமைதி’. பெயர் வைத்தது எங்கள் முதலாளி. மர அலமாரி விற்றுச் சம்பாதித்த மனிதர். எதையும் தடவிப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்வார். இதையும் தடவிப் பார்த்துவிட்டு, “வழவழன்னு இருக்கே, விக்கும்” என்றார். வெளியே இருக்கிற வழவழப்பு அவருடையது. உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது.

பாட்டுப் பதிவு செய்யும் அறைகளுக்கென்றே செய்த கணினி இது. மற்றவர்கள் செய்கிற கணினிகளில் உள்ளே ஒரு விசிறி இருக்கும். சூடு தணிய வேண்டுமாம். மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருக்கும் ஒன்றை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டு எங்கே பதிவாகும்? நான் விசிறியைத் தூக்கி எறிந்தேன். காற்றுத் துளை ஒன்றுகூட வைக்கவில்லை. பக்கவாட்டில் வரிவரியாக இருக்கிறதே, தொட்டுப் பாருங்கள், அந்த அலுமினியம்தான் சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. திரைகூடப் படக்குழாய் இல்லை, தட்டைத் திரை. படக்குழாய்கள் கீச்சிடும். நான் இளவயதில் பார்த்த தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லாம் அப்படித்தான் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. இப்போது வருகிற பெட்டிகளில் அது கேட்பதில்லை. யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள்.

பவர் சப்ளை என்று ஒரு பகுதி உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பொடிப்பொடியாக வெட்டி, கணினிக்கு வேண்டிய அளவில் கொடுக்கும். அந்த வெட்டும் வேகம் குறைவாக இருந்தால் காதுக்குக் கேட்கும். அதிகமானால் சூடேறும். எந்த வேகத்தில் வைப்பது என்பதுதான் இந்தப் பெட்டியின் உயிர். நான் அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். கதவை அடைத்துவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கீச்சொலி மெலிந்து மெலிந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் இன்னும் ஒரு சுற்றுக் கூட்டிவைத்துவிட்டு வெளியே வந்தேன். புத்தகத்தில் இதைவிட ரொம்ப அதிகமாக வைக்கச் சொல்லியிருக்கும். புத்தகம் எழுதுகிறவர்கள் காதை வைத்தா எழுதுகிறார்கள்? அவர்கள் சொன்ன வேகத்தில் வைத்தால் விசிறி இல்லாமல் முடியாது.

இனி மாப்பிள்ளை. என் ஒரே மகளைக் கட்டியவன். நான்தான் முதலாளியிடம் சொல்லி, சோதனை அறையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். முகத்துக்கு நேரே “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை” என்பேன். அதைக் கேட்டுக் கேட்டு, தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். கூட்டுகிறவர்கூட “மாப்ள, காலைத் தூக்குங்க” என்பார். அவனும் சிரித்துக்கொண்டே தூக்குவான். கோபமே வராது. கோபம் வராத மனிதனுக்கு எதன்மீதும் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பான். இவன் வந்து எனக்கு அமைதியைப் பற்றிப் பாடம் எடுத்தான்.

“மாமா, இந்தப் பெட்டி கத்துது” என்றான் ஒருநாள்.

“எது கத்துது?”

“மெல்லிசா. ஊசி மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை என்றேன். அதோடு விட்டிருந்தால் இன்று அவனும் வீட்டில் இருந்திருப்பான், நானும் வீட்டில் இருந்திருப்பேன். அவன் கருவியை எடுத்துவந்து, திரையில் ஓர் அலையை ஓடவிட்டுக் காட்டினான். அலை இருப்பது வேறு, சத்தம் இருப்பது வேறு. யாருக்குக் காது குத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சோதனை அறையில் இருந்த வால்கள் எல்லாம் அவனோடு சேர்ந்து ஒத்து ஊதின. “ஆமா சார், கேக்குது சார்.” எல்லாம் மீசை முளைத்து நாலு நாள் ஆன கூட்டம். மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுப்பான், அவன் சொன்னது அவர்களுக்குக் கேட்கும்.

பிறகு, வாங்கிய பதிவறைக்காரர்கள் சிலர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். பாட்டின் பின்னால் விசில் கேட்கிறதாம். இசைக்காரர்களை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. ஒருவர் சொன்னால் இன்னொருவர் அதையே சொல்வார், தனக்கும் காது இருக்கிறது என்று காட்டிக்கொள்ள.

என் வீட்டுக்கும் ஒரு பெட்டி கொண்டுபோனேன். கூடத்தில் வைத்துப் போட்டால் பேரன் அழுவான். பெட்டியை நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். “அப்பா, அத ஆஃப் பண்ணுங்கப்பா, புள்ள துடிக்கிறான்” என்று மகள் ஓடிவருவாள். பேச்சு வராத பிள்ளையைக்கூட விடாமல் பழக்கிவைத்திருந்தான் பாருங்கள், அந்த அளவுக்கு அவன் ஆள். மகளும் தலையைப் பிடித்துக்கொள்வாள். புருஷன் பக்கம் நிற்கிறாள், அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

நான் அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தது இதற்கெல்லாம் அல்ல. அவ்வளவு சில்லறை மனிதன் இல்லை நான். ஒரு சாயங்காலம் அவன் என் அறைக்கு வந்தான். கதவை மெதுவாகச் சாத்தினான். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. வயசானா எல்லாருக்கும் இந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் கேக்காமப் போயிடும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாளைக்கு முதலாளி சோதனை ரூமுக்கு வராரு. வேகத்தைக் கூட்டி, சின்னதா ஒரு ஃபேன் வச்சு ஒண்ணு பண்ணியிருக்கேன். இந்தப் பழைய போர்டைக் கழட்டிட்டு அத மாட்டிக் காட்டுறேன். நீங்களே செஞ்ச மாத்தம்னு சொல்லிடறேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். என்னை. நான் வாங்கிக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

“சரி மாப்பிள்ளை, நல்லது மாப்பிள்ளை” என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே போனான்.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன். பவர் சப்ளையில் பெரிய கப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிற சாமான். அதை வடியவிட ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன். வடிந்துவிட்டதா என்று காட்ட, அந்தக் கப்பாசிட்டரோடு ஒரு சிவப்பு விளக்கையும் சேர்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தால் உள்ளே மின்சாரம் இருக்கிறது. அணைந்தால் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் நான் கொண்டுவந்த பழக்கம் அது. சிவப்பு அணையும்வரை யாரும் கையை உள்ளே விடமாட்டார்கள். அணைந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு விடுவார்கள். வேறு எந்தக் கம்பெனியிலும் வேலைக்காரர்கள்மேல் இவ்வளவு அக்கறை கிடையாது.

மறுநாள் முதலாளிக்குக் காட்டவென்று எடுத்துவைத்திருந்த பெட்டியை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் திறந்தேன். ரெசிஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விளக்கின் வயரைக் கப்பாசிட்டரிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில், சுவரிலிருந்து பிடுங்கிய உடனே மின்சாரம் செத்துப்போகிற இடத்தில், பற்றவைத்தேன். சுத்தமான பற்று. என் கை நடுங்காது. அந்தப் போர்டைத் தூக்க வேண்டுமானால், கப்பாசிட்டரின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கிற அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அப்படித்தான் வடிவமைத்திருந்தேன். வேறு காரணத்துக்காக.

முதலாளி வந்தார். பெட்டியைத் தடவினார். மாப்பிள்ளை வயரைப் பிடுங்கினான். சிவப்பு அணைந்தது. அவன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான், பயப்படாதீங்க மாமா என்கிற மாதிரி. முனகிக்கொண்டே கையை உள்ளே விட்டான். பாட்டு பாதியில் நின்றது. அறையில் அப்படியோர் அமைதி. முதலாளி என்ன நடந்தது என்று புரியாமல் அவன் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கெட்டது. விசாரணைக்கு ஒரு பொறியாளர் வந்தார், நுனிப்புல் மேய்கிற ஆசாமி. செத்தவன் கை வைத்த பெட்டியை மட்டும் திறந்தார். விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது, வடியவிட வழியே இல்லை, வடிவமைப்புக் குறை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வடிவமைப்புக் குறை. பக்கத்து அலமாரியில் இன்னும் எத்தனையோ பெட்டி இருக்கிறது, ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்கிற புத்தி ஒருவருக்கும் வரவில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் சார். முதலாளி, “அந்தச் சனியனே வேணாம், எல்லாத்தையும் ஒடச்சுப் போடுங்க” என்றார். உடைத்தார்கள். ஒரு வருஷம்கூட வாழாத கணினி. இது ஒன்றுதான் மிச்சம், வீட்டில் இருந்ததால்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள், “அப்பா, உங்க டிசைன்ல தப்பாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் உங்கமேல கோவப்படலப்பா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?”

அதே மாதிரிக் கை. அதே மாதிரித் தட்டிக்கொடுத்தல். புருஷனிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரவெல்லாம் யோசித்தேன். என் மகள் சாகும்வரை என்னை வேலை தெரியாதவன் என்று நினைத்து மன்னித்துக்கொண்டே இருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வடிவமைப்பில் குறை இல்லை. அவனை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அவளிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அழுவாள்.

ரெசிஸ்டர் இதோ. சட்டைப்பையிலேயே இருந்தது.

இப்போது உங்களுக்கே காட்டிவிடுகிறேன். அந்தச் சுவரில் சொருகுங்கள் சார். மூடியைக் கழற்றிவிட்டேன். பார்த்தீர்களா, சிவப்பு எரிகிறது. பிடுங்கியதும் உடனே அணையாது, மெதுவாக மங்கும், அதுதான் சரியான வடிவமைப்பு. பிடுங்க வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடட்டும். காதைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நீங்களும் என் வயதுக்காரர், நிதானமானவர். ஏதாவது கேட்கிறதா?

இல்லையே. அதைத்தான் சொல்கிறேன்.

என்னம்மா?

“சார், அத நிறுத்தச் சொல்லுங்க சார். காதுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு.”

இந்தப் பெண்ணுக்கு என் மாப்பிள்ளையைத் தெரியுமா சார்? விசாரித்துப் பாருங்கள். இவளுக்கும் ஏதாவது டீ வாங்கிக் கொடுத்திருப்பான். பரவாயில்லை, நாம் இரண்டு பேர் இருக்கிறோம், நமக்குக் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ‘பெட்டி சத்தம் போடவில்லை’ என்று. எழுதம்மா. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் தட்டினால் எப்படி? பிழை வந்துவிடும்.