பதினொன்றாம் கட்டிலுக்கு ஒரு வழி

இரவு இரண்டு மணி பத்து நிமிஷம். ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்... ஒரு தெருவிளக்குகூட எரியவில்லை. ஒரே ஒரு பைக் போகிறது. ஓட்டுகிறவனுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை.

கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்... வேண்டாம், சாத்திவிடுங்கள்.

பைக்கில் போனவன் என்னோடு படித்த ஒருவனுடைய அக்கா புருஷன். நாங்கள் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் சர்வர், கேபிள் எல்லாம் அவன் பொறுப்பு. இதை அவனே என்னிடம் சொன்னான், ஒரே ஒரு தடவை. ஓர் இடத்தில் நிறுத்திவிட்டான். நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் கேட்டு என் உயிரை வாங்கக் கூடாது.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். கட்டிலுக்குக் கட்டில் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கும் மானிட்டர். மற்றவர்கள் தூங்க வேண்டுமே என்று ராத்திரியில் அங்கே சத்தத்தை அடக்கிவிடுவார்கள். யாருக்காவது துடிப்பு தடுமாறினால் முன் கட்டடத்தில், நர்ஸ் மேஜையில்தான் பெல் அடிக்கும். மூன்று குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்தது மச்சானின் சர்வர்.

சர்வருக்குத் தானாக வழி தெரியாது. 'பழைய கட்டடத்துக்கு இந்தப் பெட்டி வழியாகப் போ' என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரூட் போடுவது என்பார்கள்; பெட்டி என்றால் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி. கையால் தட்டினால் உடனே வேலை செய்யும். ஆனால் அணைத்துப் போட்டால் மறந்துவிடும். மறக்காமல் இருக்க வேண்டுமானால் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. மச்சான் ஒரு சாயங்காலம் கையால் தட்டிவிட்டு, காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான். அக்காவுக்கு அப்போது ஆறு மாதம், சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். மூன்று வாரம் ஆகியும் அந்தக் காலை வரவில்லை. சிரிக்காதே, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று இரவு ஒன்றரை மணிக்குக் கரண்ட் போய் வந்தது. சர்வர் அணைந்து எழுந்தது. எழுந்தபோது பழைய கட்டடம் என்று ஒன்று இருப்பதே அதற்கு நினைவில்லை.

நர்ஸ் போன் செய்தபோது இரண்டு மணி. "அண்ணே, பின்னாடி பில்டிங்ல இருந்து ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. நான் ஒருத்திதான் டூட்டில இருக்கேன், விட்டுட்டுப் போக முடியல. சீக்கிரம் வாங்க."

இரண்டரைக்கு மச்சான் அந்த ஒற்றை வரியைத் தட்டினான். திரையில் கட்டில்கள் வரிசையாக வந்தன. ஒன்று... இரண்டு... பத்து வரைக்கும் அலையலையாகக் கோடு. பதினொன்று மட்டும் நேர்கோடு. அதன் பிறகுதான் பெல் அடித்தது.

அந்தக் கட்டிலில் இருந்தவர் ஒரு தையற்காரர். டாக்டர் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்.

விடிந்ததும் தையற்காரரின் மனைவி மச்சானைத் தேடி வந்தாள். இரவில் துணைக்கு ஆள் இருக்கக் கூடாது என்று அவளை வெளி வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தம்பி, அந்த பெல்லெல்லாம் நீங்கதான் பாக்கறதாமே. அவருக்கு பெல் அடிச்சுதா?"

"அடிச்சுதும்மா," என்றான் மச்சான். "எல்லாரும் ஓடி வந்தாங்க. முடியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், கேஸ் வரும். வீட்டில் ஏழு மாதக்காரி. எல்லாம் நியாயமான பயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அவர்கிட்ட சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாளாம். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று மச்சான் நினைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானமே ரூட்டை ஃபைலில் எழுதினான். இரண்டு தடவை சரிபார்த்தான். பதினொன்றாம் மானிட்டரை அவிழ்த்து, பேட்டரியை உருவி, சாமான் அறையில் போட்டுப் பூட்டினான்.

ஒரு மாதம் போயிற்று. மாதம் ஒருமுறை சர்வரை அணைத்துப் போட வேண்டும், பகலில் முடியாது, இரவு இரண்டு மணிக்குத்தான். அணைத்தான். எழுந்தது. ரூட் பட்டியலைப் பார்த்தான். அவன் எழுதியது ஒரு வரி. பட்டியலில் இருந்தது இரண்டு.

இரண்டாவது வரி ஒரே ஒரு மானிட்டருக்கு. பதினொன்று.

அழித்தான். மறுபடி அணைத்துப் போட்டான். மறுபடி வந்தது. எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான். எதிலும் இல்லை. யாரும் எழுதாத வரி... எத்தனை தடவை அணைத்தாலும் மறக்காத வரி. அப்போது நர்ஸிடமிருந்து போன்.

"அண்ணே... பதினொன்னுல பெல் அடிக்குது. அங்கதான் மானிட்டரே இல்லியே?"

போனுக்குள் கேட்டது. மூன்று குட்டை, ஒரு நீளம்.

தொழில்காரன் புத்தி விடுமா? இருக்கிறாயா என்று சர்வரிலிருந்து அந்த மானிட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தான். பூட்டின அறையில், பேட்டரி இல்லாமல் கிடக்கிற மானிட்டர்... பதில் சொன்னது. நமக்கும் அதற்கும் நடுவில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. தட்டினான். பத்தொன்பது என்றது. மொத்த ஆஸ்பத்திரியிலும் இருப்பதே ஆறு பெட்டிதான்.

ஏசி ஓடும் அந்தக் குளிர்ந்த அறையில் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்ததாம். கூடவே கஞ்சி போட்ட புதுத் துணி வாசம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் அவனிடம் சொன்னேன்.

இரண்டாம் மாதம். அதே இரண்டு மணி. அதே வரி. எண்ணினான். எட்டு.

போன தடவை பத்தொன்பது, இந்தத் தடவை எட்டு. அது எங்கே இருக்கிறதோ தெரியாது. ஆனால் கிட்டே வருகிறது. யாரைத் தேடி வருகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தான். எடுத்த போனைக் கீழே வைத்தான். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் மாதம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எப்படிப் போவான்? குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்ய வழி உண்டு. கூடத்தில் உட்கார்ந்தான். உள் அறையில் அக்காவும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது.

சர்வர் அணைந்து எழுந்தது. அந்த வரி இருந்தது. இப்போது அவன் ஆஸ்பத்திரியை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கிறான், நடுவில் ஊர்ப்பட்ட பெட்டிகள். எண்ணிக்கை கூடத்தான் வேண்டும். லேப்டாப்பிலேயே தட்டினான்.

ஒன்று.

ஒன்று என்றால் அவன் வீட்டு வைஃபை பெட்டி. அப்படியானால் அது இருப்பது அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள்.

மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. ஜன்னல் பக்கமிருந்து இல்லை... உள் அறையிலிருந்து. எழுந்து போய்ப் பார்க்காமல் போனை எடுத்தான். தையற்காரரின் பழைய ரெக்கார்டில் மனைவியின் நம்பர் இருந்தது. மணி இரண்டு பத்து என்றுகூடப் பார்க்காமல் அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். யார் என்று கேட்கவில்லை.

"அம்மா... அன்னைக்கு பெல் அடிக்கலம்மா. நான் எழுதி வைக்க வேண்டியத எழுதல. பொய் சொல்லிட்டேன். என் தப்புதாம்மா, என் புள்ளைய விட்டுடச் சொல்லுங்க..."

கோபமே இல்லாத குரலில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் அந்த அம்மா சொன்னாள்.

"என்கிட்ட ஏன் தம்பி சொல்றீங்க? அவர்கிட்டயே சொல்லிடுங்க. உங்க வீட்டுக்குத்தான் கிளம்பினாரு... இந்நேரம் உள்ள வந்திருக்கணுமே."