மூன்றாவது பெயர்

ஃபெர்மின்: எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்க. பெரிய மனுஷங்க உக்காந்தே இருக்கலாம்.

யோர்லின்: நீ எதுக்குடா லாக்கர் ரூமுக்குள்ள வந்தே? ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு.

ஃபெர்மின்: எனக்கு இன்னைக்கு மட்டை பிடிக்கற வேலை மட்டும்தானே. நம்மாளுங்க இப்ப பந்து பொறுக்கிக்கிட்டு நிக்கறாங்க. என் முறை வர்ற வரைக்கும் அந்த வெயில்ல உக்காந்து வேகணுமா? ...மூட்டை கட்டியாச்சா?

யோர்லின்: எந்த மூட்டை?

ஃபெர்மின்: ஆஹா! எந்த மூட்டையாம். டீமே வரிசையில நின்னு கட்டிப்பிடிச்சு அனுப்பி வெச்சிருக்கு, ஐயாவுக்கு எந்த மூட்டைன்னு தெரியலை.

யோர்லின்: ...நீ கட்டிப்பிடிக்கலையே.

ஃபெர்மின்: கை பிசுபிசுன்னு இருந்துச்சு. பிடி வழுக்காம மட்டையில தடவற தாரு.

யோர்லின்: தாரு.

ஃபெர்மின்: ஆமா, தாரு. உன் சட்டை வீணாயிடுமேன்னு பாத்தேன். கண்ணாடிப் பெட்டியில வெக்க வேண்டிய சட்டையாச்சே.

யோர்லின்: வயித்தெரிச்சல்னு சொல்லிட்டுப் போயேன்.

ஃபெர்மின்: வயித்தெரிச்சல்தான்! யாரு இல்லைன்னா? காலையில நீ கருக வெச்ச வாழைக்காய் ஒரு பக்கம் எரியுது, நீ ஒரு பக்கம் எரியறே.

யோர்லின்: யாரும் எங்கிட்ட இன்னும் எதுவும் சொல்லலைடா.

ஃபெர்மின்: வாயைத் திறந்து வேற சொல்லணுமா? இன்னைக்கு பேஸ்பால் டீமுங்க ஆள் மாத்திக்கறதுக்குக் கடைசி நாள். நமக்கு மேல இருக்கற பெரிய டீமு போர்ட்லண்டுக்காரன்கிட்டேருந்து கோல்பெக்கை வாங்குது. பதிலுக்கு நம்மகிட்டேருந்து மூணு சின்னப் பசங்க. மெக்கென்னா, டோபின்... ரெண்டு பேரு காலையிலேயே தெரிஞ்சு போச்சு. மூணாவது யாருன்னு எல்லாரும் நகத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கோம். அந்த நேரம் பாத்து, ஆட்டத்து நடுவுல, மேனேஜர் உன்னை மட்டும் கூப்பிட்டு உள்ள போன்னு கை காட்டறாரு. கால்லயும் அடி இல்லை, கையிலயும் அடி இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்னு அந்த பாப்கார்ன் விக்கறவளுக்குக் கூடத் தெரியும். வித்த சரக்குல கீறல் விழக்கூடாதுன்னு எடுத்து உள்ள வெக்கறாங்க.

யோர்லின்: நீயே கேள்வி, நீயே பதில்.

ஃபெர்மின்: கோல்பெக்குடா! போன வருஷம் நாப்பது ஹோம் ரன் அடிச்சவன். அவனுக்குப் பதிலா உன்னையா? நான் போர்ட்லண்டுக்காரனா இருந்தா கோல்பெக் வீட்டு நாயைக் கூட உனக்கு மாத்தித் தர மாட்டேன்.

யோர்லின்: மூணு பேருக்கு ஒருத்தன்டா. என் ஒருத்தனுக்கு இல்லை.

ஃபெர்மின்: அப்படிச் சொல்லு. மெக்கென்னா கோல்பெக்கோட தோளு. டோபின் முதுகு. நீ... சுண்டு விரலு.

யோர்லின்: சுண்டு விரலுக்கே இப்படித் துடிக்கறே.

ஃபெர்மின்: துடிக்காம? யோசிச்சுப் பாரு. நீயும் நிக்கறது லெஃப்ட் ஃபீல்டு, நானும் லெஃப்ட் ஃபீல்டு, வர்ற மகராசனும் லெஃப்ட் ஃபீல்டு. ஆறு வருஷ ஒப்பந்தம் அவனுக்கு. பெரிய டீமுல அந்த இடத்துல சம்மணம் போட்டு உக்காந்துக்குவான். இங்க மிச்சம் இருக்கறவன் இந்தச் சோளக்காட்டு ஊர்லயே பஸ்ஸுல போயி பஸ்ஸுல வந்து கிழவனாக வேண்டியதுதான். போறவனுக்குக் கதவைத் திறக்கறாங்க. இருக்கறவன் மூஞ்சியில சாத்தறாங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் மூணாவதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.

யோர்லின்: எனக்கும் தெரியும்.

ஃபெர்மின்: வேண்டிக்கிட்டேன்டா, அல்தாகிராசியா மாதாகிட்ட.

யோர்லின்: என்னன்னு?

ஃபெர்மின்: உனக்குக் கணுக்கால் சுளுக்கணும்னு. பெருசா இல்லைடா! சின்னச் சுளுக்கு. இந்த மாத்தற சமாச்சாரம் முடியற வரைக்கும்.

யோர்லின்: பக்கத்துல படுத்துக்கிட்டே வேண்டினியா?

ஃபெர்மின்: நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்தே. அதைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் அழுத்தி வேண்டினேன்.

யோர்லின்: நல்லவன்டா நீ.

ஃபெர்மின்: சரி, கட்டில் எனக்கு. நான் தரையில மெத்தை போட்டுப் படுத்தது போதும். சோத்துப் பானையும் எனக்கு.

யோர்லின்: பானை எங்கம்மா கொடுத்து விட்டது.

ஃபெர்மின்: போர்ட்லண்டுல பானைக்கு என்ன வேலை? பெரிய டீமுல ஆளு வெச்சு ஊட்டி விடுவாங்க. ...எங்கம்மாவை நினைச்சாத்தான்டா தாங்கலை. உங்கம்மா சலூன்ல உக்காந்து, தலை முழுக்க ரோலர் மாட்டிக்கிட்டு, "என் பையனை கோல்பெக்குக்கு மாத்தினாங்க"ன்னு நம்ம பானி ஊரு முழுக்கக் கேக்கற மாதிரி சொல்லுவாங்க. எங்கம்மா பக்கத்து நாற்காலியில சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு.

யோர்லின்: உங்கம்மா சிரிச்சதில்லையா என்ன? போன மாசம் மைதானத்து வாசல் பலகையில உன் படத்தைப் போட்டாங்களே, சிறந்த ஆட்டக்காரன்னு... அன்னைக்கு எங்கம்மா அழுதாங்க போன்ல.

ஃபெர்மின்: சந்தோஷத்துலயா?

யோர்லின்: நீ வேற.

ஃபெர்மின்: ...நீ ஒண்ணும் சொல்லலையேடா அப்ப. நான் ஹோம் ரன் அடிச்சா நீதான் முதல்ல எழுந்து கை தட்டறே.

யோர்லின்: முதல்ல எழுந்துட்டா மூஞ்சியை யாரும் பாக்க மாட்டாங்க.

ஃபெர்மின்: அடப்பாவி.

யோர்லின்: தினம் அந்தப் படத்துக்குக் கீழதான் நடந்து வர்றேன். உன் பல்லு மட்டும் என் தலை அளவு இருக்கு.

ஃபெர்மின்: அதான் இப்ப கணக்கு தீர்ந்துடுச்சே. நீ ஜெயிச்சுட்டே. இரு, என் போன் லாக்கர்ல கிடக்கு. நானே உங்கம்மாவுக்குச் சொல்றேன். அந்தக் கொடுமையை நானே பண்ணித் தொலைக்கறேன்.

யோர்லின்: வேண்டாம்.

ஃபெர்மின்: எப்படியும் தெரியத்தானே போகுது...

யோர்லின்: சொல்லாதன்னா சொல்லாத!

ஃபெர்மின்: ...ஏன்டா கத்தறே?

யோர்லின்: ஒண்ணும் இல்லை.

ஃபெர்மின்: இதோ! மேனேஜர் ரூம்ல போன் அடிக்குது.

யோர்லின்: அடிக்கட்டும்.

ஃபெர்மின்: உன் விஷயமாத்தான் இருக்கும். போய் எடு.

யோர்லின்: மேனேஜர் போனை நாம எதுக்கு எடுக்கணும்?

ஃபெர்மின்: சரி, நான் எடுக்கறேன்.

யோர்லின்: உக்காருடா!

ஃபெர்மின்: டேய்...

யோர்லின்: உக்காரு. தானா நின்னுடும்.

ஃபெர்மின்: ...நின்னுடுச்சு. உனக்கு என்னடா ஆச்சு?

யோர்லின்: ஃபெர்மின்... என்னை யாரும் வாங்கலைடா.

ஃபெர்மின்: என்னது?

யோர்லின்: நான் முதல் பேஸுக்கு ஓடலை. நான் அடிச்ச பந்து நேரா எதிர் டீமுக்காரன் கைக்கே உருண்டுது. எப்படியும் அவுட்டுதானேன்னு பாதியில நடக்க ஆரம்பிச்சுட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "ஓட இஷ்டம் இல்லாதவன் உள்ள போய் உக்காரு"ன்னாரு. அவ்வளவுதான்.

ஃபெர்மின்: அப்ப... அத்தனை பேரும் கட்டிப்பிடிச்சது?

யோர்லின்: நான் திரும்பி வர்றேன், ஒருத்தன் வந்து கட்டிப்பிடிக்கறான். அவன் விட்டா அடுத்தவன். கோச் கண்ணு கலங்கி நிக்கறாரு. நடுவுல எப்படிடா சொல்லுவேன், நான் திட்டு வாங்கிட்டு வர்றேன்னு?

ஃபெர்மின்: மேனேஜர் பாத்துக்கிட்டா இருந்தாரு?

யோர்லின்: அவரு மூணாவது பேஸ் கோட்டுகிட்ட முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. அவருக்கு என்ன தெரியும்?

ஃபெர்மின்: ஹ... ஹஹ...

யோர்லின்: சிரிக்காத.

ஃபெர்மின்: கேட்ச்சர் பய கழுத்துச் சங்கிலியைக் கழட்டி உனக்குப் போட்டு விட்டான்டா!

யோர்லின்: திருப்பிக் கொடுக்கணும்.

ஃபெர்மின்: ஐயோ மாதாவே... முடியலை... எரிஞ்சுக்கிட்டிருந்த வயிறு ஜில்லுன்னு ஆயிடுச்சுடா. வா, இப்ப கட்டிப்பிடிக்கறேன். தாரு பட்டாப் படட்டும்.

யோர்லின்: தள்ளிப் போடா.

ஃபெர்மின்: கோவிச்சுக்காத. சந்தோஷமா இருக்குடா எனக்கு, என்ன பண்ண? நீ போகலைன்னு கேட்டதும் சக்கரைத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு. பாவம்னு தெரியுது. இருந்தாலும் இனிக்குது.

யோர்லின்: எனக்கு நல்லாவே தெரியும் அது.

ஃபெர்மின்: உனக்கு எப்படித் தெரியும்?

யோர்லின்: ...அத்தனை பேரு கட்டிப்பிடிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மேனேஜர் வேணும்னே திட்டற மாதிரி திட்டி உள்ள அனுப்பினாரோன்னு. நிஜமாவே நான்தானோன்னு. இந்த பெஞ்சுல உக்காந்து கொஞ்ச நேரம் நான் போர்ட்லண்டுக்காரனாவே இருந்தேன்டா. நல்லா இருந்துச்சு.

ஃபெர்மின்: அப்ப மூணாவது யாரு? கீழ் டீமுல எவனாவது பொடியனா இருப்பான். விடு. நமக்கு இந்தச் சோளக்காடுதான். கோல்பெக் மேல உக்காந்துக்கட்டும், நாம இங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்து எரிஞ்சுக்கிட்டுக் கிடப்போம். நிஜத்தைச் சொல்லட்டுமா? நீ போயிருந்தா நான் அந்த ரூமுல யாரோட சண்டை போடுவேன்?

கோச்: ஃபெர்மின்! எங்கடா போய்த் தொலைஞ்சே? நம்ம பேட்டிங் ஆரம்பிச்சாச்சு. அடுத்தது நீ!

ஃபெர்மின்: இதோ வந்துட்டேன், கோச்.

கோச்: சீக்கிரம் வா. எதிர் டீமுல பந்து வீசற அந்த நெட்டையனுக்குப் பந்து கையில நிக்கலை. கண்ட இடத்துல வீசறான். இப்பதான் நம்ம ரொசாரியோவோட முழங்கையைப் பேத்தான், ஐஸ் எடுக்க வந்தேன். ...யோர்லின், போற இடத்துல நல்லா இருடா. பேரு வாங்கணும்.

யோர்லின்: ...சரி, கோச்.

ஃபெர்மின்: போயிட்டாரு. சரின்னு வேற சொல்றான் பாரு! ஆசீர்வாதத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டே.

யோர்லின்: டேய், வயித்து வலின்னு சொல்லிட்டு உக்காரேன். வேற யாராவது அடிக்கட்டும்.

ஃபெர்மின்: எதுக்கு? நெட்டையனுக்குப் பயந்தா? வேகமா வந்தா வேகமாத் திரும்பிப் போகும். இன்னைக்கு என் கை சும்மா இருக்காது. ...இங்க பாரு, நீ ஒண்ணும் வெளிய வந்து சொல்ல வேண்டாம். நானே பசங்ககிட்ட பக்குவமாச் சொல்லிடறேன், ஒருத்தனும் சிரிக்காதபடி. சிரிச்சா நான் பாத்துக்கறேன். ஆட்டம் முடிஞ்சதும் மேனேஜர்கிட்டயும் பேசறேன். அவன் சோம்பேறி இல்லை சார், மூணாவது பேரு யாரு யாருன்னு நினைச்சு நினைச்சு அவனுக்குக் கால் ஓடலைன்னு சொல்றேன். மனுஷன்தானே, புரிஞ்சுக்குவாரு.

யோர்லின்: எனக்காக நீ பேசாத.

ஃபெர்மின்: பேசுவேன். நீ யாரு கேக்க? பதினாலு வயசுலேருந்து ஒரே தட்டுல தின்னிருக்கோம். ஹெல்மெட் எங்க?

யோர்லின்: போகாத, ஃபெர்மின்.

ஃபெர்மின்: கூப்பிடறாங்கடா.

யோர்லின்: மட்டையைக் கீழ வை.

ஃபெர்மின்: விடுறா கையை... என்ன விளையாட்டு இது? அழறியா நீ?

யோர்லின்: அந்தப் போன் முன்னாடியே ஒரு தடவை அடிச்சுதுடா, நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி. எனக்குத்தான்னு நினைச்சு ஓடிப் போய் எடுத்தேன். பெரிய டீம் ஆபீசு. யாருன்னு கேட்டாங்க, இங்க வேலை செய்யற ஆளுன்னேன். "ஃபெர்மினை உடனே வெளிய எடுக்கச் சொல்லு. போர்ட்லண்டுக்காரங்க கேட்ட மூணாவது ஆளு அவன்தான். இன்னும் கையெழுத்து ஆகலை, அவன் மேல ஒரு கீறல் விழக்கூடாது"ன்னாங்க. சரின்னு வெச்சுட்டேன். யாருக்கும் சொல்லலை. இங்க வந்து உக்காந்துக்கிட்டேன்... அந்த நெட்டையன் வீசற பந்து ஒண்ணு உன் கையைப் பேத்துடாதான்னு வேண்டிக்கிட்டு.