கண்ணாடி ஏற்றுகிற நாள்

கீழே: கொட்டாவி விடணும்னா வாக்கி டாக்கி பட்டன்ல இருந்து கையை எடுத்துட்டு விடுங்க மாமா. சைட்டு முழுக்கக் கேக்குது.

மேலே: யாரு விட்டது? அது... காத்து.

கீழே: காத்து வாயைப் பிளந்து "ஆவ்வ்"னா வீசும்? காலையில இருந்து எத்தனை...

மேலே: நீ கீழ நின்னு சிக்னல் சொல்ற ஆளா, என் வாயைக் காவல் காக்குற ஆளா? கிரேன் ஓட்டுறது நானு. லோடு கட்டியாச்சான்னு மட்டும் சொல்லு.

கீழே: அஞ்சாவது சேனலுக்கு வாங்க. இதுல இன்ஜினியர் இருக்காரு.

மேலே: வந்துட்டேன். என்ன ரகசியம்?

கீழே: அக்கா போன் பண்ணுச்சு.

மேலே: என் பொண்டாட்டிக்குத் தம்பியைக் கூப்பிட்டுக் கோள் சொல்றதே பொழப்பு.

கீழே: ராத்திரி டப்பாவைத் திறந்து சர்க்கரையை ஸ்பூனால அள்ளி அள்ளித் தின்னீங்களாமே. பாப்பா சிரிச்சதுக்கு, "சத்தம் போடாதே"ன்னு கத்தினீங்களாமே.

மேலே: என் வீட்டுச் சர்க்கரையை நான் தின்னா குத்தமா?

கீழே: உங்களுக்கு ஒத்தத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் வரிசை கட்டி வரும்னு டாக்டர் சொன்னாரு. இனிப்பு, எரிச்சல், கொட்டாவி. நானும் பக்கத்துல உக்காந்துதானே கேட்டேன்.

மேலே: உன்னைக் கூட்டிட்டுப் போனேன் பாரு... என்னைச் சொல்லணும்.

கீழே: காலையில சாப்பிட்டீங்களா?

மேலே: பசிக்கல.

கீழே: தூங்கினீங்களா?

மேலே: டேய், கட்டியாச்சா, இல்லையா?

கீழே: ...கட்டியாச்சு. கண்ணாடி. பார்த்துத் தூக்குங்க.

மேலே: தூக்குறேன்... அடேங்கப்பா, என்ன மினுக்கு மினுக்குது! வெயில் நேரா அதுலதான் அடிக்குது போல.

கீழே: அடிக்குதா?

மேலே: கண்ணு கூசுதுடா. ஓரத்துல வரிசையா பல்லு வச்ச மாதிரி மினுங்குது.

கீழே: எந்த ஓரம்?

மேலே: இடது.

கீழே: லோடுல கட்டின கயிறு என் கையிலதான் இருக்கு. இந்தப் பக்கமாத் திருப்புறேன். இப்ப?

மேலே: இப்பவும் இடதுதான்.

கீழே: இன்னும் திருப்பிட்டேன்.

மேலே: இடதுன்னா இடதுதான்! கண்ணாடின்னா மினுங்கத்தான் செய்யும். அதுக்குப் போய் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்க.

கீழே: சரி, சரி. அக்கா வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி எங்க?

மேலே: அதைப் போட்டா சினிமா ஹீரோன்னு நீங்கதானே சிரிக்குறீங்க.

கீழே: ஹீரோன்னு யாரு சொன்னா? வில்லனுக்குக் கதவு திறந்து விடுவானே, அவனைச் சொன்னோம்.

மேலே: வாயை மூடு. மேல் மாடியில லோடு வாங்குற ஆளுங்க ரெடியா?

கீழே: ரெண்டு பேரு. கையில கிளவுஸ் மாட்டிட்டு உங்களையே பார்த்துட்டு நிக்குறாங்க. தெரியுதா?

மேலே: தெரியாம?

கீழே: ரெண்டு பேருமா?

மேலே: ரெண்டு பேரும்தான். ஒருத்தன் கைகூட ஆட்டுறான்.

கீழே: ...ஆட்டுறானா.

மேலே: என்ன, குரல் ஒரு மாதிரி போகுது?

கீழே: ஒண்ணுமில்ல. பாசக்காரப் பசங்கன்னு நினைச்சேன்.

இன்ஜினியர்: ஹலோ, அஞ்சுல என்னய்யா பண்றீங்க ரெண்டு பேரும்? ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பார்க்குறேன், லோடு பாதியில நிக்குது.

கீழே: காத்து சார்.

இன்ஜினியர்: காத்தா? என் மேஜையில பேப்பர்கூட ஆடல.

கீழே: மேல அடிக்கிற காத்து வேற சார். ஜன்னலுக்கு வராது.

இன்ஜினியர்: இன்னைக்குக் கண்ணாடி ஏறியாகணும். ஆபரேட்டர், உனக்கு ஒண்ணும் இல்லையே?

மேலே: எனக்கு என்ன சார்? கல்லு மாதிரி இருக்கேன்.

கீழே: ...போயிட்டாரு. ஏங்க கல்லு, டாக்டர் ராத்திரியில போடச் சொன்ன மாத்திரை என்ன ஆச்சு?

மேலே: நிறுத்திட்டேன். வலியே வரல, அப்புறம் எதுக்கு அது?

கீழே: அதைப் போட்டதாலதான் வரல! வீடு ஒழுகலைன்னு கூரையைப் பிரிச்சுப் போட்ட ஆளு நீங்க.

மேலே: அதைப் போட்டா காலையில கண்ணைச் சொருகுது. கேபின்ல தூங்கி விழணுமா?

கீழே: அதை அவர்கிட்ட சொன்னா வேற மாத்திக் கொடுப்பாரு. இதுக்கு முன்னாடியும் இப்படித்தான், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தினமும் மென்னீங்க. அதுவே தலைவலியை இழுத்துட்டு வரும்னு அவர் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு.

மேலே: அவருக்கும் தலைவலி வந்திருக்கும். உன் மூஞ்சியைப் பார்த்து.

கீழே: வந்திருந்தா அவர் ஒழுங்கா மாத்திரை போட்டிருப்பாரு.

மேலே: பேசாதே. அந்த... அதைக் கொஞ்சம்... அந்த வளைஞ்சது...

கீழே: எது?

மேலே: அதான்டா... நுனியில தொங்குமே...

கீழே: கொக்கியா?

மேலே: ஆங், கொக்கி. அதைக் கொஞ்சம் உள்ள இழுக்கவா?

கீழே: வருஷக்கணக்கா கூடவே இருக்குற கொக்கி. பேரு வாயில வரல. அக்கா பேராவது ஞாபகம் இருக்கா?

மேலே: மறக்க விடுவாளா அவ?

கீழே: மாமா, விளையாட்டு போதும். காத்துன்னு சொல்லி இறக்கிடலாம்.

மேலே: இறக்கினா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. எனக்கு முன்னாடி இந்தச் சீட்ல இருந்தவரைத் தெரியும்ல? தலை சுத்துதுன்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாரு. இப்ப கேட்ல நின்னு லாரிக்குத் தடுப்புக் கம்பு தூக்குறாரு. என்னையும் அங்க நிக்கச் சொல்றியா? வழி சொல்லு.

கீழே: இடது பக்கம் தூண் இருக்கு.

மேலே: தெரியுது.

கீழே: தெரியுதுன்னா ஏன் அங்கேயே... மாமா, இடது! இடது! நிறுத்துங்க! நிறுத்துங்க!

மேலே: மாப்ளே... பட்டுடுச்சா?

கீழே: பட்டுடுச்சு.

மேலே: மேல நிக்கிற பசங்க...

கீழே: பசங்களுக்கு ஒண்ணும் ஆகல.

மேலே: கண்ணாடி போச்சா?

கீழே: போகல.

மேலே: வாக்கியிலேயே அந்தச் சத்தம் கேட்டுச்சேடா. கீறல்கூட இல்லையா?

கீழே: இல்ல. நல்ல கண்ணாடி.

மேலே: ...தூண் தெரியல மாப்ளே.

கீழே: ம்.

மேலே: இடது பக்கம் பாதி உலகமே இல்ல. உன்னைப் பார்த்தா ஒரு கைதான் இருக்கு.

கீழே: இருக்கிற கையைப் பாருங்க. அது போதும். வலது பக்கமா மெதுவா வாங்க... இன்னும்... நிறுத்துங்க. இப்ப நேரா இறக்குங்க. சுத்தாதீங்க... இறக்குங்க... மெதுவா... தரை. பிரேக் போடுங்க.

மேலே: போட்டுட்டேன்.

கீழே: டிபன் பாக்ஸ் மூடியைத் திறங்க. அக்கா ஒரு மாத்திரை ஒட்டி வச்சிருக்கும். வலி தொடங்கும்போதே போடச் சொல்லி டாக்டர் கொடுத்தாரே, அது.

மேலே: இருக்கு... அவளுக்கு எப்படித் தெரியும்?

கீழே: சர்க்கரை டப்பா சொல்லிச்சாம். கொஞ்சம் சாப்பிட்டுட்டு, தண்ணி நிறையக் குடிச்சு, அதைப் போடுங்க. துண்டைக் கண்ணுல கட்டிட்டு அப்படியே சாஞ்சு உக்காருங்க.

மேலே: கீழ வந்துடுறேனே.

கீழே: ஏணிப் பக்கமே போகக் கூடாது. பாதி ஏணி தெரிஞ்சா பாதிதான் இறங்குவீங்க, மீதிக்கு விழுந்துதான் வரணும். பார்வை முழுசாத் திரும்பின அப்புறம் நானே மேல வந்து கூட்டிட்டு வரேன்.

மேலே: இன்ஜினியருக்கு என்ன சொல்றது?

கீழே: இன்னைக்குக் காத்து. நாளைக்கு நீங்களே அவர் எதிர்ல நின்னு, தலைன்னு சொல்லணும். என்னால ஒரு நாள்தான் காத்தை வீச வைக்க முடியும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்.

மேலே: கேட்ல நிறுத்திடுவாங்கடா.

கீழே: நிறுத்தினா நில்லுங்க. அந்தக் கேட்காரர் சாயங்காலமானா நடந்து வீட்டுக்குப் போறாரு. அவரால இங்க யாரும் சாகல.

மேலே: ...கூடப் பொறந்தவ புருஷன்னு ஒரு மரியாதை கிடையாது உனக்கு.

கீழே: மரியாதை இருக்கிறதாலதான் "வாங்க போங்க"ன்னு திட்டுறேன். கண்ணை மூடியாச்சா?

மேலே: மூடிட்டேன்... அப்பவும் அந்தக் கண்ணாடி மினுங்குது மாப்ளே. தூண்ல மோதியும் உடையல, கண்ணை மூடினாலும் போகல... எந்தக் கடையில வாங்கினாங்கடா அதை?

கீழே: கண்ணாடி எல்லாம் இன்னும் லாரியிலதான் இருக்கு மாமா. நீங்க விட்ட கொட்டாவியைக் கேட்டதும் கண்ணாடி அடுக்கி வர்ற வெறும் மரச்சட்டத்தைத்தான் கொக்கியில மாட்டினேன். மேல நின்ன ரெண்டு பேரையும் அப்பவே டீ குடிக்க அனுப்பிட்டேன்... உங்களுக்குக் கை ஆட்டினது யாருன்னு மட்டும், வீட்டுக்குப் போய் அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க.