எர்த் சரியாகத்தான் இருக்கிறது

எனக்குச் சத்தம் பிடிக்காது. அதனால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். அக்கம்பக்கத்து மின்கருவிகளில் எல்லாம் அது இரைச்சலைக் கிளப்பும். நான் போய் ஃபில்டர் வைப்பேன், மோட்டார் கேபிளைச் சுற்றியுள்ள செம்புவலையை இரண்டு முனையிலும் கவ்வி போட்டு எர்த் செய்வேன். இரைச்சல் கப்சிப். என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை, மாமாவைத் தவிர.

மாமா என்றால் மனைவியின் அப்பா. மாடியில் இருந்தார். தங்கமான மனிதர். தினமும் பதினோரு மணிக்குக் காதுமெஷினை மாட்டிக்கொண்டு என் பட்டறைக்கு இறங்கி வருவார். நான் சரிபார்த்து வைத்த மோட்டாரை வாடிக்கையாளர் எதிரிலேயே, "பேரிங் போகப்போகுது மாப்பிள்ளை" என்பார். மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் போனது. காது கேளாதவருக்குக் கேட்டது உனக்குக் கேட்கவில்லையா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு பட்டறையில் நாள் முழுக்க ஓடும் சோதனை மோட்டாரின் கவ்விகளைக் கழற்றினேன், ஃபில்டரையும். இரைச்சல் வீட்டு வயரிங் வழியாக மாடிவரை ஏறி அவர் காதுமெஷினுக்குள் புகுந்தது. மாமா காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"கொய்ங்குனு கேக்குது. உங்க எர்த்தைக் கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை."

அந்தக் காதை மெச்சத்தான் வேண்டும்.

"எர்த் சரியாத்தான் இருக்கு மாமா. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அதில் பொய் பாதிதான். எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

காது டாக்டர் மெஷினில் பழுதில்லை என்றார். அவர் அறையில் டிரைவ் ஏது? அடுத்து மனநல டாக்டர். நான்தான் கைபிடித்து அழைத்துப்போனேன். நாலே மாதத்தில் மாமாவுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாம்மா?" என்று மகளிடம் கேட்டார். அவள் அழுதாள். இருவருக்கும் நான் காபி போட்டுக் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடும்படி அவரே சொன்னார்.

அவர் போன அன்றே எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

நேற்று போன் செய்தார். "சத்தம் அடியோட நின்னுபோச்சு மாப்பிள்ளை. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" குரலில் அப்படி ஒரு குதூகலம். மனைவி மாடியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், காரைக்கூடத் துடைத்தாயிற்று.

கிளம்புமுன் அந்தக் கவ்விகளையும் ஃபில்டரையும் மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். குணமாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்காமல் அவரை எப்படித் தனியாக விடுவது?